கேக்காம நடக்கிறது

நடக்கிறதுக்குன்னே லீவு போடுற சனங்களை நான் இங்கிலாந்து வந்த பிறகுதான் பார்த்தேன். எங்க ஊரில் நடை என்பது வேலை. களையெடுக்க நடை, சுள்ளி பொறுக்க நடை, ரேஷனுக்கு நடை. அதை யாரும் சுலபமான நடை, கஷ்டமான நடை என்று பிரித்து அச்சடித்ததில்லை. இங்கே அச்சடிக்கிறார்கள். நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் ஓய்வறைச் சுவரிலேயே ஒரு துண்டறிக்கை ஒட்டியிருந்தது. அஞ்சு மைல், மேடு அதிகமில்லை, புதர்க்காடு, மரக்காடு, ரெண்டு ஏரி. வயசானவங்களும் வரலாம்.

அதுதான் ஃப்ரென்ஷம் காமன். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில், ஃபார்ன்ஹம் என்ற சின்ன டவுனுக்குப் பக்கத்தில் இருக்கு. ஆறு வருசமா மாசத்துக்கு ஒரு தடவையாவது போறேன். அந்த வெளியை 'ஹீத்' என்கிறார்கள். தமிழ் வாத்தியாரைக் கேட்டால் முல்லை நிலம் என்று சொல்லிவிட்டுப் போயிடுவார். எனக்கு ஞாபகம் வருவது மேய்க்கால் புறம்போக்குதான். வெறும் மணல் மண்ணு. நெல்லோ கோதுமையோ விளையாது. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் செடி, ஆகஸ்டில் காடு முழுக்க ஊதா நிறமாப் பூக்கும். இடையிடையே மஞ்சப் பூ பூக்கிற முள்ளுப் புதர். மார்ச்சிலிருந்து கோடை முடியுற வரைக்கும் நாயைக் கயிற்றில் பிடிச்சுக்கச் சொல்லிப் பலகை வைப்பாங்க, தரையில் கூடு கட்டுற குருவிகளுக்காக.

இதைப் பார்க்கிறவர்கள் இயற்கை என்று சொல்லி மூச்சு வாங்குவார்கள். இயற்கை இல்லை. ஏழை சனங்க ஆடுமாடு மேய்ச்சு, அடுப்புக்குப் புதர் வெட்டி, புல்கட்டியைப் பேர்த்துக் காயவச்சு எரிச்சு, நூத்துக்கணக்கான வருசம் மரம் வளர விடாம வச்சிருந்த நிலம் அது. அவங்க போனதும் பிர்ச்சும் பைனும் முளைச்சு மூடிக்கொள்கிறது. 1800க்குப் பிறகு இங்கிலாந்தின் தாழ்நில ஹீத்துகளில் அஞ்சில் நாலு பங்குக்கு மேல் அழிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்ற இப்போ கூலிக்கு ஆள் வச்சு மரம் வெட்டுறாங்க. உழைச்சவன் பேரு எந்தப் பலகையிலும் இல்லை. குருவி பேரு இருக்கு. குருவி மேல எனக்குக் கோபமில்லை.

ஏரி ரெண்டும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் பிஷப்புக்கு மீன் வளர்க்க வெட்டினது. ரெண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானம் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு தண்ணியை வடிச்சு விட்டாங்க. அம்மா போன வருசம் விசிட்டர் விசாவில் வந்தப்போ முதல் கேள்வியே, "இதுக்கு மதகு எங்கடி?"

என் தாத்தா ஏரிக்கு நீர்க்கட்டி. மதகு திறந்து, வாய்க்கால் வாய்க்காலாத் தண்ணி பாய்ச்சி, கரை உடைஞ்சா ராத்திரியில் மண்ணு சுமந்தவர். எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணி என்பது அவர் மனசில் இருந்தது. அந்த ஏரியில் ஊர்க்காரங்க குளிக்கிற படித்துறையில் மட்டும் அவர் காலு பட்டதில்லை. அம்மாவுக்குப் பிஷப் கதையைச் சொன்னேன். "மீன் திங்கறதுக்கா இம்மாம் பெரிய ஏரி?" என்றாள். கோடையில் இங்கே யார் வேணாலும் எறங்கிக் குளிக்கலாம் என்று சொன்னதை அவள் நம்பவேயில்லை.

அன்றைக்கு நடந்ததுதான் இதை எழுத வைத்தது. பெரிய ஏரியிலிருந்து ரோட்டைத் தாண்டி, மேட்டு வழியா ஏறி, சின்ன ஏரிக்கு எறங்கி, வேய் ஆத்தோரம் மரக்காட்டில் நடந்தோம். ஆத்தைத் தாண்டினதும் பாதை ஒரு பண்ணைக்குள்ளே போகுது. வேலியில் மரப்படி, கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி. அந்தப் பக்கம் ஒருத்தருடைய வயல், வயலைத் தாண்டினா அவருடைய வீட்டு வாசல் ஓரமாவே வழி. நான் படியேறி எறங்கிட்டேன். திரும்பிப் பார்த்தா அம்மா அங்கேயே நிக்கிறா.

"அடுத்தவங்க கொல்லைடி. கேட்டுட்டு வா."

"கேக்க வேணாம்மா. பொதுவழி."

மனசில்லாம வந்தா. வீட்டுக்கிட்ட வந்ததும் என் கையை விட்டுட்டா. குனிஞ்சு, நான் வாங்கித் தந்த ஷூவைக் கழட்டிக் கையில் எடுத்துக்கிட்டா. அக்டோபர் மாசக் குளிர், சேறு. தோட்டத்தில் செடி வெட்டிக்கிட்டிருந்த கிழவர் நிமிர்ந்து "குட் மார்னிங்" சொன்னார். அம்மா ஷூவை முந்தானையில் மறைச்சுக்கிட்டுக் கும்பிட்டா. வீடு தாண்டி அம்பதடி போன பிறகுதான் ஷூவைப் போட்டா. காலைத் தொடைச்சு விட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல.

எங்க ஊர்த்தெருவில் எங்க சனங்க செருப்பு போட்டு நடந்தா என்ன நடக்கும் என்று இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டு வந்தது 1924இல். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லாம் எல்லோருக்கும் என்று அரசு ஆணையே போட்டது. அம்மா பொறந்தது அதற்கு முப்பது வருசம் கழிச்சு.

வீட்டுக்கு வந்ததும் இந்த மஞ்சள் அம்புக்குறிக்குப் பின்னால் என்ன சட்டம் இருக்குன்னு தேடிப் படிச்சேன். இங்கிலாந்தில் நிலம் யாருடையதா இருந்தாலும் அதன்மேல் போகும் பொதுவழி மக்களுடையது. 1949இல் வந்த சட்டப்படி மாவட்டம் மாவட்டமா வழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் போட்டாங்க. வயலை உழுதா நிலக்காரர் பதினாலு நாளுக்குள் வழியைச் சரிபண்ணித் தரணும். வயல் நடுவே போற நடைபாதை ஒரு மீட்டர் அகலமாவது இருக்கணும். படத்தில் இல்லாத வழியா இருந்தாலும், இருபது வருசம் தடையில்லாம சனங்க நடந்திருந்தா அது பொதுவழி ஆயிடும் என்று 1980 நெடுஞ்சாலைச் சட்டம் சொல்லுது. நடந்து நடந்தே உரிமை!

வெள்ளைக்காரன் தங்கமானவன் என்று சொல்ல வரல. இதே சர்ரேயில் 1649இல் செயின்ட் ஜார்ஜ் குன்றில் ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் கூட்டாளிகளும் பொது நிலத்தில் கேரட்டும் பீன்ஸும் போட்டாங்க. சில மாசத்திலேயே அடிச்சு விரட்டினாங்க. இன்னிக்கு அங்கே கேட்டும் காவலுமா பணக்காரக் குடியிருப்பு. ஃபார்ன்ஹம் பிஷப்பின் மான்களை வேட்டையாடினவங்க மேல இருந்த கோபமும் சேர்ந்துதான் 1723இல் கறுப்புச் சட்டம் வந்தது. முகத்தில் கரி பூசிக்கிட்டு மான் வேட்டைக்குப் போனா தூக்கு. கிண்டர் ஸ்கவுட் மலையில் 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் நூத்துக்கணக்கில் அத்துமீறி ஏறினாங்க. அஞ்சு பேரை ஜெயிலில் போட்டாங்க. ஹீத், மலை, பதிவான பொது நிலம் இதிலெல்லாம் தாராளமா நடக்கலாம் என்ற சட்டம் 2000இல்தான் வந்தது. யாரும் தட்டில் வச்சுக் கொடுக்கல.

ஆனா என்னைத் தூங்க விடாதது வேற. இந்த இருபது வருசக் கணக்கு நமக்கும் இருக்கு. 1882 இந்திய வசதியுரிமைச் சட்டம், பதினஞ்சாவது பிரிவு. அது வந்தப்போ மெட்ராஸ் மாகாணத்துக்கும் சேர்த்துத்தான் வந்தது. அடுத்தவர் நிலத்து வழியா இருபது வருசம் அமைதியா, வெளிப்படையா, உரிமையோட நடந்திருந்தா வழி உனக்கு. இங்கிலாந்து கோர்ட்டுகள் இதையே மூணு சொல்லில் சொல்லுவாங்க: பலவந்தமில்லாம, ஒளிவில்லாம, அனுமதி கேக்காம.

எங்க சேரிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஊர்க்காரங்க வயல். பாட்டன் காலத்திலிருந்து பொணம் அந்த வரப்பில்தான் போகுது. மூணு சொல்லையும் அந்த வரப்பில் வச்சுப் பாருங்க. நடவு முடிஞ்சிருந்தா நிலக்காரர் வாசலில் போய் நின்னு கேக்கணும். அது அனுமதி. அவர் முடியாதுன்னா ராத்திரியில் பந்தம் இல்லாம, பறை அடிக்காம தூக்கிக்கிட்டுப் போவோம். அது ஒளிவு. ஒரு தடவை இளந்தாரிகள் பகலிலேயே பறையோட தூக்கினாங்க. கல்லு விழுந்தது, மண்டை உடைஞ்சது, கேஸு எங்க பசங்க மேல. அது பலவந்தம். நூறு வருசம் நடந்தும் சட்டத்தின் கண்ணில் ஒரு நாள்கூட நாங்க நடக்கல. அம்மா அந்தப் பண்ணையில் ஷூவைக் கழட்டினது வெறும் பயம் என்று நான் நினைக்கல. அவளுக்குத் தெரிஞ்ச ஒரே நடை அனுமதி நடை.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் வயல் வழி மறிக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஒருத்தர் சடலத்தைக் கீழே எறக்கினாங்க. அந்த வீடியோவை நான் நைட் டியூட்டியில் பார்த்தேன். கூட வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண்ணும் பார்த்தாள். அடுத்த வாரம் நடைக்கு வந்தப்போ, ஹெதர் பூத்த மேட்டில் நின்னுக்கிட்டு, ரொம்ப இயல்பா, "உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டாள். அஞ்சாயிரம் மைல் தாண்டி, குருவிக்குக்கூட உரிமை இருக்கிற காட்டில். சொன்னேன். அப்புறம் அவள் நடைக்கு வரல. சாதிப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டாம் என்று பிரிட்டிஷ் அரசு 2018இல் கைவிட்டதும் எனக்கு அப்போதான் உறைத்தது.

இங்கே விட்டுப்போன வழியைப் பதிவு செய்ய ஒரு படிவம் இருக்கு. எந்த வருசத்திலிருந்து நடந்தீங்க, எத்தனை தடவை, யாராவது தடுத்தாங்களா, யாரையாவது கேட்டீங்களா. அதைத் தமிழில் எழுதித் தம்பிக்கு அனுப்பினேன். அவன் ராத்திரி ராத்திரியா வீடு வீடாப் போய்க் கிழவன் கிழவிகளிடம் எழுதி வாங்குறான். நாப்பத்தோரு பேர் கைநாட்டும் கையெழுத்தும் ஆச்சு. முந்தாநாள் போன் பண்ணினான்.

"அக்கா, எல்லாம் சரியாத்தான் சொல்றாங்க. வருசம், மாசம், யாரு பொணம், எல்லாம். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான், கேட்டுட்டுத்தான் போனோம்னு சொல்றாங்க. அப்படியே எழுதவா?"

வக்கீல் தோழர் ஒருத்தரைக் கேட்டிருக்கேன். பதில் வரல. அதுவரைக்கும் அந்த இடத்தைக் காலியா விட்டு வைடான்னு சொல்லியிருக்கேன்.