ஒரே கடிகாரம் போதுமா?

இரண்டு சதுரங்க நிரல்களில் எது வலியது என்று அறிவது எளிது போலத் தோன்றும். ஒரே பலகை, ஒரே கடிகாரம், வேறென்ன வேண்டும்? ஒன்று விண்டோசிலும் மற்றது லினக்சிலும் ஓடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நண்பர்களாகிய நாங்கள் சில காலமாக இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டி வருகிறோம். ஒரே கணினியில், ஒரே ஸ்டாக்ஃபிஷ் பதிப்பை ஒருமுறை விண்டோசிலும் மறுமுறை லினக்சிலும் ஓட்டினோம். வினாடிக்கு அது ஆராய்ந்த நிலைகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இல்லை. மூலநிரலைத் தொகுப்பி இயந்திர மொழிக்கு மாற்றும் விதம், இயங்குதளம் நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் விதம், பின்னணியில் ஓடும் பிற வேலைகள் ஆகிய யாவும் வேகத்தை மாற்றக்கூடியவை.

வேகம் மாறியதே தவிர, சிந்தனை மாறவில்லை. இதைச் சரிபார்க்க ஸ்டாக்ஃபிஷுக்குள்ளேயே ஒரு சோதனை உண்டு. குறிப்பிட்ட சில ஆட்டநிலைகளைக் குறிப்பிட்ட ஆழம்வரை ஆராய்ந்து, மொத்தம் எத்தனை நிலைகளைக் கண்டது என்று அது சொல்லும். ஒற்றை இழையில் ஓட்டினால் ஒரே பதிப்புக்கு அந்த எண் எந்தத் தளத்திலும் மாறக்கூடாது. எங்களுக்கும் மாறவில்லை.

அப்படியானால் எதைச் சமமாக்குவது? நேரத்தைச் சமமாக்கினால், நிரலோடு அது நிற்கும் மண்ணும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. ஆராயும் நிலைகளின் எண்ணிக்கையைச் சமமாக்கினால் மண்ணின் பங்கு நீங்கும். கூடவே, நிரலை விரைவாக்க அதை எழுதியவர்கள் பட்ட பாடும் நீங்கிவிடும். தவிரவும், ‘ஒரு நிலை’ என்று எதை எண்ணுவது என்பதே நிரலுக்கு நிரல் வேறுபடும்.

இது வீண் வாதமன்று. 2017 டிசம்பரில் ஆல்ஃபாசீரோ, ஸ்டாக்ஃபிஷுடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28ஐ வென்று, 72ஐச் சமன் செய்ததாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு நகர்வுக்கும் சரியாக ஒரு நிமிடம், ஸ்டாக்ஃபிஷின் 64 இழைகளுக்கு வெறும் 1 ஜிகாபைட் இடைநினைவகம் என்ற ஏற்பாடுகளைப் பலர் கண்டித்தனர். 2018 டிசம்பரில் வெளியான ஆய்வுக்கட்டுரையில் 3 மணி நேரமும் நகர்வுக்கு 15 வினாடியும், ஸ்டாக்ஃபிஷுக்கு 32 ஜிகாபைட்டும் தரப்பட்டன. 1000 ஆட்டங்களில் ஆல்ஃபாசீரோ 155ஐ வென்று, 6ல் தோற்றது. இரண்டிலும் வென்றது அதுவே. ஆயினும் அந்த 6 தோல்விகளோடு வந்த வெற்றியே எங்களுக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. நேர்மையான சோதனை தோற்றவருக்குக் காட்டும் சலுகை அன்று. வென்றவருக்கு அதுவே சான்று.

ஆகவே எங்களுக்குள் ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். ஒவ்வொரு தொடக்கத்தையும் நிறம் மாற்றி இருமுறை ஆடச் செய்கிறோம். எதிரியின் நேரத்தில் சிந்திப்பதற்கு இடமில்லை. நினைவகமும் இழைகளும் சமம். முழுப்போட்டியையும் இரு தளங்களிலும் தனித்தனியே நடத்தி, இரண்டு முடிவுகளையும் அருகருகே எழுதுகிறோம். அவை முரண்பட்டால் சராசரி பார்த்து மறைப்பதில்லை. எந்த நிபந்தனையில் ஆடினார்கள் என்பதை எழுதிய பிறகே, யார் வென்றார் என்பதை எழுதுகிறோம்.