செல்லுக்குள்ளே ஒரு வடம்!

பயாலஜி ரெக்கார்டு நோட்டுல செல் படம் வரைஞ்சிருப்பீங்களே, ஞாபகம் இருக்கா? பெரிய வட்டம், நடுவுல சின்ன வட்டம். ஸ்கேல் வெச்சு ஒரு கோடு இழுத்து 'நியூக்ளியஸ்'னு எழுதினா மார்க் நிச்சயம். அந்தப் படத்தைப் பார்த்தா, பாயசத்துல மிதக்கிற முந்திரி மாதிரி நியூக்ளியஸ் பாட்டுக்கு மிதக்குதுன்னுதானே தோணும்?

மிதக்கலை பாஸ். நாலா பக்கமும் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கு!

இந்தக் கயிறைப் பத்தி நான் தேடித் தேடிப் படிச்சதுக்குக் காரணம், என் அத்தை பையன். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு முழங்கை முழுசா நீளாது. குதிகால் தரையில படாம நுனிக்கால்லயே நடப்பான். 'ஸ்டைலு காட்டுறான்'னு தெருப்பசங்க கிண்டல் பண்ணுவாங்க. காலேஜ் ரெண்டாம் வருஷம் திடீர்னு மயங்கி விழுந்தான். இதயத்துடிப்பு ரொம்ப மெதுவா இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சது. ஜீன் டெஸ்ட் வரைக்கும் போன பிறகு நோய்க்கு ஒரு பேர் கிடைச்சது... எமரி-ட்ரைஃபஸ் தசைச்சிதைவு.

"கோளாறு நியூக்ளியஸைச் சுத்தி இருக்கிற உறையில இருக்கு" என்றார் டாக்டர். அத்தை விடலை. "உடம்புல எல்லா இடத்துலயும் இருக்கிற உறைதானே சார்? அப்புறம் ஏன் எம்புள்ளையோட தசையையும் நெஞ்சையும் மட்டும் போட்டுப் பாக்குது?"

சத்தியமா சொல்றேன், எம்.எஸ்ஸி. வைவாவில்கூட என்கிட்ட யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை!

பதிலுக்கு 1997-க்குப் போகணும். அமெரிக்காவின் ஹார்வர்டில் டொனால்ட் இங்பரின் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். உயிருள்ள செல்லின் வெளிப்பரப்பில், 'இன்டெக்ரின்' என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் நுண்மணி ஒன்றை ஒட்டவைத்தார்கள். மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த மணியைச் சட்டென்று இழுத்தார்கள். என்ன ஆச்சு தெரியுமா? தள்ளி உள்ளே இருந்த நியூக்ளியஸும் இழுத்த திசையில் நீண்டது! தேர் வடத்தை முன்னால பிடிச்சு இழுத்தா பின்னால தேர் அசையுதே, அதே கதைதான்.

செல்லுக்குள் ஆக்டின் இழைகள், நுண்குழல்கள், இடைநிலை இழைகள் என்று ஒரு சட்டகமே இருக்கிறது. அதுதான் சைட்டோஸ்கெலிட்டன். சரி, அந்த இழையை நியூக்ளியஸோடு முடிச்சுப் போடுவது யார்?

நியூக்ளியஸின் உறை இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவே இடைவெளி சுமார் 50 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 20,000-ல் ஒரு பங்கு. வெளிச்சுவரில் 'நெஸ்பிரின்' புரதங்கள் நின்று சட்டகத்தின் இழைகளைப் பிடித்துக்கொள்கின்றன. உள்சுவரில் 'சன்' புரதங்கள். இந்த சன், சூரியன் இல்லீங்க, ரெண்டு புரதங்களோட பேரைச் சுருக்கினது! சன் புரதங்கள் மூன்று மூன்றாக, முப்புரிக் கயிறு போல முறுக்கிக்கொண்டு, இடைவெளியில் நெஸ்பிரின்களோடு கை கோக்கின்றன. இந்த முடிச்சுக்கு 2006-ல் 'லிங்க் காம்ப்ளெக்ஸ்' என்று பேர் வைத்தார்கள். உள்ளே சன், லாமின் என்ற வலையைப் பிடித்திருக்கிறது. நியூக்ளியஸின் உள்பக்கத்தைத் தாங்கும் சாரம் அந்த வலைதான். 'எமெரின்' என்ற இன்னொரு புரதமும் அங்கே கூட நிற்கிறது.

இப்ப அத்தையோட கேள்விக்கு வருவோம். எமரியும் ட்ரைஃபஸும் இந்த நோயைத் தெளிவாக எழுதியது 1966-ல். காரணமான எமெரின் ஜீன் 1994-லும், லாமின் ஏ ஜீன் 1999-லும் சிக்கின. இந்தப் புரதங்கள் உடம்பில் பல இடங்களிலும் உண்டு. ஆனா வேலை எல்லா இடத்துலயும் ஒண்ணா? சும்மா கட்டி வெச்ச கயிறு நைஞ்சிருந்தாலும் வருஷக்கணக்கில் தாங்கும். தினமும் கிணத்துல வாளி இறைக்கிற கயிறு? இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த இழுப்பு நியூக்ளியஸ் வரை போகிறது. சாரம் பலவீனமாக இருந்தால் முதலில் அடிபடுவது, ஓயாமல் இழுபடும் தசைதான். விஞ்ஞானிகள் தரும் முக்கியமான விளக்கம் இது. அதோடு, எந்த ஜீன் எப்போது வேலை செய்ய வேண்டும் என்ற ஒழுங்கும் கலைந்துபோகிறது என்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. 2013-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டெனிஸ் டிஷர் குழு, மெத்தென்ற மூளையில் லாமின் ஏ குறைவாகவும், விறைப்பான தசையிலும் எலும்பிலும் அதிகமாகவும் இருப்பதைக் காட்டியது. சுமைக்குத் தகுந்த சாரம்! உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போடும் ராஜானு நாம நினைச்ச நியூக்ளியஸ், உண்மையில் நம்மோட ஒவ்வொரு அசைவுலயும் சேர்ந்து இழுபடுற கூட்டாளி.

பதிலைக் கேட்டுட்டு அத்தை ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்ப நான் வளர்த்த விதத்துல தப்பில்லையே?"ன்னாங்க. இல்லவே இல்லை. அந்த ஒரு வரியைச் சொல்றதுக்காகவே எத்தனை பக்கம் வேணும்னாலும் படிக்கலாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு ஃப்ரெண்ட்ஸ். கூடப் படிக்கிற யாருக்காவது முழங்கை நீளாம, குதிகால் பதியாம, கழுத்து குனிய முடியாம இருந்தா, கேலி வேண்டாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஒரு ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லுங்க. தசை பலவீனம் லேசா இருக்கும்போதே இதயத்துடிப்பு தடுமாறலாம். முன்னாடியே தெரிஞ்சா, பேஸ்மேக்கர் மாதிரி கருவிகள் உயிரைக் காப்பாத்தும்.