துபாஷி எங்கே?

"டிரைவர் இல்லை" என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? என் மாமியார் கேட்டார்: "ஏன்டி, பஸ்ஸுக்குத்தானே டிரைவர் வேண்டும்? மேஜைமேல் உட்கார்ந்திருக்கிற பெட்டிக்கு எதற்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த டிரைவர் வண்டி ஓட்டுகிறவர் அல்ல; துபாஷி. கம்பெனிக் காலத்தில் துரைமாருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று பேசினவர்களுக்கு அப்படிப் பெயர். புதுச்சேரியில் டூப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அவரைப்போல. கம்ப்யூட்டரில் நீங்கள் எதைச் செருகினாலும், அதன் பாஷையைச் சொல்ல ஒரு துபாஷி உள்ளே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஊமையாக நிற்கும்.

இந்தச் சமாசாரம் எங்கள் தாமலுக்கு எதற்கு என்கிறீர்களா? கேளுங்கள். எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியும் பழைய கோயில்களுமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு பட்டு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுப்பார்கள். சேலை வந்ததும் அதையும் மிச்ச நூலையும் மறுபடி நிறுப்பார்கள். குறைந்தால் கூலியில் பிடித்தம். தராசு 642 கிராம் காட்ட, எழுதுகிறவர் கை தவறி 624 என்று எழுதினால், அந்த 18 கிராம் யார் தலையில் விழும்? இரவும் பகலும் தறியில் உட்கார்ந்தவர் தலையில்தான்!

அதனால்தான் தராசையும் கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளால் இணைத்திருந்தார்கள். தராசு காட்டுவது நேரே கணக்கில் ஏறும். நடுவில் பேனாவுக்கு வேலை இல்லை.

தராசின் பின்னால் இருப்பது ஒன்பது ஊசி வாய். ஆர்.எஸ்.232 என்று 1960-ல் வகுத்த பழைய முறை. எழுத்துக்களை ஒவ்வொன்றாக வரிசையில் அனுப்பும். இந்தக் காலத்து லேப்டாப்பில் அந்த வாய் கிடையாது. 1996-ல் வந்த யு.எஸ்.பி. வாய்தான் உண்டு. இரண்டுக்கும் உறவு ஏற்படுத்துவது கேபிளின் தலையில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு சிப்.

கம்ப்யூட்டரைப் புதிதாக மாற்றினார்கள். தராசு மௌனவிரதம் பூண்டுவிட்டது. கேபிளை ஆட்டிப் பார்த்தார்கள், பிடுங்கிச் செருகினார்கள், தராசே கெட்டுப்போயிற்று என்றும் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். கணக்கு மறுபடி பேனாவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் லேப்டாப்பையும் கேபிளையும் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த வீட்டுப் பெண், பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். 2011-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தின் முதல் லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் இப்படிப்பட்ட கேபிள்களுக்கு வேண்டிய துபாஷிகள் பெரும்பாலும் கூடவே பிறந்தவர்கள்.

"அக்கா, முதலில் கேபிளுக்கு உயிர் இருக்கிறதா பார்ப்போம்" என்றாள். கேபிளின் 2, 3 எண் ஊசிகளை ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, கேபிளைத் தன் லேப்டாப்பில் செருகி, "தாமல்" என்று ஆங்கில எழுத்தில் தட்டினாள். கிணற்றில் கூப்பிட்டால் எதிரொலிப்பதுபோல அதே எழுத்துக்கள் திரும்பி வந்தன. கேபிள் உயிரோடுதான் இருக்கிறது!

பிறகு எங்கள் லேப்டாப்பில் டிவைஸ் மானேஜரைத் திறந்தாள். கேபிளின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அதன் விவரங்களில் வி.ஐ.டி., பி.ஐ.டி. என்று இரண்டு எண்கள் இருந்தன. முன்னது தயாரித்தவர் எண், பின்னது சாமான் எண். கோத்திரமும் நட்சத்திரமும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அந்த இரண்டுக்கும் பொருந்துகிற துபாஷியைத்தான் அழைக்க வேண்டும். எங்கள் கேபிளுக்கு அப்படி வந்த புதிய துபாஷி, "இந்தச் சிப்போடு பேசமாட்டேன்" என்று கையை விரித்துவிட்டது. பழைய சிப்பானாலும் போலிச் சிப்பானாலும் இதே கதிதானாம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் போலி என்றால் சொல்ல வேண்டுமா? பட்டிழையில் வெள்ளி சுற்றிப் பொன் பூசியது அசல் ஜரிகை. செம்பைச் சுற்றிப் பளபளப்பாக்கினாலும் கண்ணுக்கு அதே மினுமினுப்பு. சிப்பிலும் அப்படித்தான். 2014-ல் ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. கம்பெனி வெளியிட்ட துபாஷி ஒன்று, போலிச் சிப்புகளின் சாமான் எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. அதோடு அந்தக் கேபிள்களைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணவில்லை. உலகெங்கும் கூச்சல் எழுந்து, அதைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவனுக்கு அதனால் என்ன நஷ்டம்? அறியாமல் காசு கொடுத்து வாங்கியவர்தான் தவித்தார். கணக்கன் கை தவறினால் தறிக்காரர் கூலி குறைகிற கதைதான்!

தெரிந்த கடையில், ரசீதோடு, நல்ல சிப் உள்ள கேபிள் வாங்கினோம். துபாஷியைச் சிப் செய்தவர்களின் தளத்திலிருந்தே எடுத்தோம். வேகத்தைத் தராசில் உள்ளபடி 9600 என்று வைத்தாள். அது பொருந்தாவிட்டால் கிறுக்கலாக வருமாம். செருகும் துவாரம் மாறினால் போர்ட் எண்ணும் மாறலாம் என்று, துவாரத்தின் பக்கத்தில் எண்ணை எழுதி ஒரு சீட்டும் ஒட்டினாள்.

உங்கள் வீட்டில் ஏதாவது யந்திரம் ஊமையானால், புதிது வாங்கு என்று யாராவது சொல்வதற்குள் இந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்: உயிர் இருக்கிறதா? எண் என்ன? துபாஷி பொருத்தமா?

மறுநாள் முதல் சேலை தராசில் ஏறியது. தராசில் தெரிந்த எண்ணே கணக்கிலும் விழுந்ததாம். நெய்து கொண்டுவந்த அம்மாள் இரண்டையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாராம். பார்க்கட்டுமே, அவர் கூலி அல்லவா!