கருக்களாச்சேரி மணலில் நெருஞ்சில் தேடி

காரைக்காலில் ஒரு நாட்டு மருந்துக் கடை. நூறு கிராம் நெருஞ்சில் முள் நாற்பது ரூபாய். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன். “எல்லாம் நம்ம கருக்களாச்சேரி மணல்ல பறிச்சதுதான் சார்.” பக்கத்து ஊர்தானே, பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அரசலாற்றுப் பாலம் தாண்டிப் போனதும் கருவாட்டு வாடை வழிகாட்டியது. கரையில் பைபர் படகுகள். மணல் மேட்டில் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும். அலையிலிருந்து இருநூறு தப்படி உள்ளே வந்தபிறகுதான் நெருஞ்சில் கண்ணில் பட்டது, அதுவும் ஆனை நெருஞ்சில். இலையைக் கிள்ளித் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கலக்கினேன். தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரிக் குழகுழத்துவிட்டது. இதன் காய்க்கு நான்கு பக்கமும் முள். கடையில் வாங்கிய பொட்டலத்தில் இருந்ததோ ஐந்து துண்டாக உடையும் சிறுநெருஞ்சில். அந்தச் செடி இங்கே தேடித்தேடி ஒரு கைப்பிடிதான் தேறியது. வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணனைக் கேட்டேன். “இதைப் பறிக்க யாரும் வந்து பார்த்ததில்லீங்க. கால்ல குத்தும், அவ்வளவுதான்.”

கடைக்காரர் சொன்னதைச் செடியிடமே கேட்க வழி இருக்கிறது. நிலையான ஐசோடோப் சோதனை. காயைப் பொடித்து, சில மில்லிகிராமை எரித்து, வரும் வாயுவை நிறை நிறமாலைமானிக்குள் விடுவார்கள். கனமான அணு எத்தனை, லேசான அணு எத்தனை என்று அது பிரித்துச் சொல்லும். கடல்நீர் சல்பேட்டில் கந்தகம்-34 சர்வதேச அளவுகோலைவிட ஆயிரத்துக்கு 21 பங்கு கூடுதல். உள்நாட்டு மண்ணில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. உப்புக்காற்றில் வளர்ந்த செடியில் அந்தக் கடல் கந்தகம் ஏறியிருக்கும். குடித்த தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் காட்டும். கார்பன் ஊரைச் சொல்லாது, ஆனால் கலப்படத்தைச் சொல்லும்: சிறுநெருஞ்சில் சோளத்தின் வகையில் ஒளிச்சேர்க்கை செய்வது, ஆனை நெருஞ்சில் நெல்லின் வகை. இரண்டின் கார்பன் ஐசோடோப் விகிதமும் ஒட்டவே ஒட்டாது.

வேதியியலை வைத்து மூலம் தேடுவது இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. காரைக்கால், தஞ்சாவூர்க் கடலோர நிலத்தடி நீரில் இருக்கும் உப்பு பழங்காலக் கடல் விட்டுப்போனதா, இப்போது உள்ளே புகுந்ததா என்று ரேடியோகார்பனையும் துணைக்கு வைத்துப் பிரித்துக் காட்டிய ஆய்வு 1996லேயே வெளிவந்தது. நாக்குக்கு இரண்டும் ஒரே உப்புதான்.

ஆனால் கருவி சும்மா ஊர்ப் பெயர் சொல்லிவிடாது. ஒப்பிட, இன்ன கரையில் பறித்தது என்று உறுதியாகத் தெரிந்த மாதிரிகள் வேண்டும். யாராவது இப்படி வெயிலில் குனிந்து பொறுக்க வேண்டும். அப்போதும் கருக்களாச்சேரியையும் தரங்கம்பாடியையும் அது பிரிக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. மணலும் காற்றும் ஒன்றுதானே. ராஜஸ்தானிலிருந்து வந்த மூட்டைக்கு உள்ளூர்ச் சீட்டு ஒட்டியிருந்தால் மட்டும் மாட்டிக்கொள்ளும்.