ஆறு பொய்க் கடைகளும் ஒரு படகும்

எங்கள் முதல் போர்ட்ஃபோலியோவில் ஆறு இணையத்தளங்கள் இருந்தன. நியூயோர்க்கில் ஒரு கோப்பிக் கடை, பாரிஸில் ஒரு பூக்கடை, ஒரு யோகா நிலையம், ஒரு விமான நிறுவனம், இன்னும் ரெண்டு. ஒன்றும் உலகத்தில் இல்லை. யூடியூப் பார்த்துப் பழகின மூன்று பேர், ஒரு லப்டொப், கையில் காசில்லாத ஒரு மாரிகாலம். அதில் பிறந்த கடைகள் அவை.

உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அக்கா ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு தம்பி. இந்தப் பூக்கடை எங்க இருக்கு?" இல்லை அக்கா, சும்மா பழகிறதுக்குச் செய்தது என்றோம். "அப்ப உண்மையா ஒருத்தருக்கும் செய்து குடுக்கேல்லையா?" தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார்.

எங்களில் ஒருவன் கட்டாருக்குப் போக ஏஜென்சியில் பாஸ்போர்ட் குடுத்திருந்தான். சீசனுக்குள் காசுக்கு ஒரு வேலையாவது வந்தால் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தான். அதனால் அக்காவின் கேள்வி எங்களை நல்லாவே சுட்டது.

மே பிறந்தால் எங்கட பக்கத்துக் கடல் குளம் மாதிரி அடங்கிவிடும். செப்டெம்பர் வரைக்கும் ஆட்கள் வருவார்கள். பக்கத்து வீட்டு அண்ணா அந்த மாதங்களில் புறாமலைக்குப் படகு ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டு, ஒரு இரவு முழுக்க அவருடைய வட்ஸ்அப்பை அவரோடேயே இருந்து வாசித்தோம். எத்தனை நாட்டுக்காரர் எழுதியிருந்தாலும் கேள்வி ஐந்துதான். எத்தனை மணிக்கு வெளிக்கிடும், எவ்வளவு, டிக்கெட்டும் அதில் சேர்த்தியா, நீச்சல் தெரியாதவர் வரலாமா, இன்றைக்குக் கடல் எப்படி.

மூன்றாவது கேள்விதான் வில்லங்கம். புறாமலை 2003 இலிருந்து தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் கட்டும் நுழைவுக் காசு வேறு, படகுக் காசு வேறு. இது தெரியாமல் வந்து, கரையில் நின்று அண்ணாவோடு சண்டை பிடித்தவர்களும் உண்டு. ஆகவே நாங்கள் செய்தது ஒரே ஒரு பக்கம். மேலே படகு, அதற்கு நேர் கீழே ரெண்டு காசும் ரெண்டு வரியில். அந்த ரெண்டு வரியை எங்கே வைப்பது என்று யோசித்த நேரம், ஆறு பொய்க் கடைக்கும் யோசிக்காத நேரம்.

தமிழில் போடப் போனபோதுதான் கூத்து. அண்ணா பனர் அடித்த கடையில் இருந்து வாங்கின எழுத்தை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வந்தது. அது பாமினி. பாமினியில் 'அம்மா' என்பது கொம்பியூட்டருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். உருவம் மட்டும்தான் தமிழ். யூனிகோட்டுக்கு மாற்றினால்தான் எந்தப் போனிலும் ஒழுங்காகத் தெரியும், கூகிளும் தேடிப் பிடிக்கும். பிறகு பட்டன். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிகிற சொல், தமிழில் 'முன்பதிவு செய்யுங்கள்' என்று போனின் ஓரத்தில் உடைந்து விழுந்தது. 'படகு பிடிக்க' என்று மாற்றினோம். அண்ணாவுக்கு அதுதான் பிடித்தது. வரி இடைவெளியையும் கூட்ட வேண்டியிருந்தது. ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளியில் மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும். எழுத்துருவுக்கு கூகிளில் இலவசமாகக் கிடைக்கும் 'கட்டமரான்' எடுத்தோம். கட்டுமரம்தான் அந்தப் பெயர். படகுக்காரருக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா!

அண்ணாவிடம் காசு வாங்கவில்லை. நாங்களாகத் தேடிப்போய்ச் செய்தது, ஒரு பக்கம் மட்டும், என்று முதலிலேயே பேசியிருந்தோம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒரு ஹோட்டல் கூப்பிட்டது. "உங்கட போர்ட்ஃபோலியோவுக்கு உதவும்தானே" என்று முழுத் தளமும் சும்மா கேட்டார்கள். மூன்று கிழமை இருந்து செய்து குடுத்தோம். பிறகு போன் எடுக்கவேயில்லை. கொஞ்ச நாளில் எங்கட டிசைன் வேறு ஒருவர் செய்ததாக ஏறியிருந்தது. சும்மா செய்யலாம், செய்யக்கூடாது என்று எங்களுக்குள் அன்றைக்கு நடந்த சண்டை பெரிய சண்டை. இப்போது எங்களுடைய கணக்கு இதுதான்: ஆளை நாங்கள் தெரிந்தெடுத்தால் ஒருமுறை சும்மா செய்யலாம். எங்களைத் தெரிந்தெடுத்து வருகிறவர் பாதிக் காசு முற்பணம் தரவேண்டும்.

புதுப் போர்ட்ஃபோலியோவில் படகு முதலாவது. படத்தோடு நாலைந்து வரி எழுதினோம்: வட்ஸ்அப்பில் வந்த கேள்விகள், ரெண்டு காசுக் குழப்பம், பாமினி, யார் படம் எடுத்தது, யார் கோட் எழுதினது. பொய்க் கடைகளில் ரெண்டை மட்டும் கடைசியில் விட்டு, 'பயிற்சி' என்று மேலே எழுதிவிட்டோம். மற்ற நாலையும் அழிக்க மனசில்லைதான்.

பிறகு அதே அக்காவிடம் போனோம். இந்த முறை அவர் டிசைனைப் பார்க்கவில்லை, அந்த நாலைந்து வரியைத்தான் வாசித்தார். வாசித்துவிட்டுத் தன் போனை எங்கள் பக்கம் தள்ளினார். "என்னட்டையும் இப்பிடித்தான் கேக்கிறவை. வெளிநாட்டு புக்கிங்காரன் ஒவ்வொரு அறைக்கும் கமிஷன் வெட்டுறான். நேரா என்னட்டை வாற மாதிரிச் செய்யேலுமா?" விலை சொல்லும்போது எங்கட குரல் நடுங்கியது. அவர் பேரம் பேசவேயில்லை. குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று அப்போதே விளங்கியது.

முற்பணம் கைக்கு வந்தது ஜூலையில். விசா அதற்குப் பத்து நாள் முன்னமே வந்துவிட்டது. காசை மூன்றாகப் பிரித்தோம். அவன் தன் பங்கில் சூட்கேஸ் வாங்கினான்.

இப்போது டோஹாவில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் படங்களைச் சுருக்கி அனுப்புவது அவன்தான். அக்காவின் முகப்புப் படம் 4 எம்பி இருந்ததை 200 கேபிக்குக் கொண்டுவந்தான். கடற்கரையில் சிக்னல் எப்படி என்று அவனுக்குத் தெரியும். போன கிழமை படகு அண்ணாவின் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி போட்டோம்: 'கடல் கொந்தளிப்பு, மே மாதம் வரை படகு இல்லை.' அந்தச் சிவப்பு கண்ணைக் குத்துது, மாத்துங்கோடா என்று ராத்திரி மெசேஜ் போட்டிருக்கிறான்.