ஹூட் கால்வாயில் சிப்பி பொறுக்குவோர்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹூட் கால்வாய் என்றோர் இடம் உண்டு. பெயரளவிலேதான் கால்வாய், உண்மையில் அது பனியாறு குடைந்த கடற்கழி. கடல் வற்றும் வேளையில் மக்கள் குடும்பம் குடும்பமாக, வாளியும் மண்வாரியும் ஏந்திப் பொதுக் கடற்கரையில் இறங்குகின்றனர்.

15 வயது நிரம்பியவர்க்கு உரிமச் சீட்டு வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 18 ஆளிகளையே எடுக்கலாம். அவற்றையும் அங்கேயே திறந்து, சதையை மட்டும் கொண்டுசென்று, ஓடுகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இதென்ன விந்தை என்று வாசகர் வியக்கலாம். குஞ்சு ஆளிகள் பழைய ஓடுகளின்மேல் ஒட்டியே வளர்கின்றன! மட்டி தோண்டிய குழியையும் மூடியாக வேண்டும்; இல்லையேல் குவிந்த மண்ணடியில் சிறு மட்டிகள் மூச்சடைத்து மாளும்.

ஆயினும் பேரச்சம் கண்ணுக்குப் புலப்படாதது. நுண்பாசி ஒன்றின் நஞ்சு, அதனை உண்ணும் சிப்பியில் சேர்கிறது. தின்றவர்க்கு உதடு மரத்து, கைகால் ஓய்ந்து, ஈற்றில் மூச்சே நின்றுவிடலாம். வேகவைத்தாலும் அந்நஞ்சு போகாது. நிறமோ மணமோ காட்டிக்கொடாது. 1793ஆம் ஆண்டில், வெகுதூரம் வடக்கே, இன்றைய கனடாக் கரையில், கேப்டன் வான்கூவரின் மாலுமி ஜான் கார்ட்டர் காலை உணவாகச் சிப்பி தின்று அன்றே மாண்டார். அவ்விடத்திற்கு நஞ்சுக் குடா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆகவே அறிந்தோர், மாநிலச் சுகாதாரத் துறையின் வரைபடத்தில் அக்கரை அன்று திறந்துள்ளதா என்று பார்த்த பின்னரே இறங்குவர். கோடையில் பெருகும் விப்ரியோ கிருமி வேறு வகை. அது சூட்டுக்கு அஞ்சும். ஆதலால் நீர் வடிந்தவுடனே பொறுக்கி, பனிக்கட்டியில் வைத்து, உட்சதை வரை வேகவைத்தே உண்பர்.