வேன் பூட்டைப் பற்றி ஒரு வாத்தியார் எழுதுகிறேன்



கொஞ்சம் நீளமான பதிவு. வயரிங் வேலை, அலுமினியம் வேலை, ஏசி திருத்தும் வேலை, துணி மூட்டை ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்கும் வியாபாரம் என்று வேனை நம்பிப் பிழைக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு வேன் பூட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு இந்தக் கதை வகுப்பு இடாப்பில்தான் தொடங்கியது.

11ஆம் தரத்தில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். கணிதத்தில் கெட்டிக்காரன். திடீரென்று வருவது நின்றுவிட்டது. மூன்றாம் நாள் வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். மறுநாள் அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட் அடியில் நின்றார்.

"சேர், ரெண்டு மாசத்துக்கு மட்டும் அவன உடுங்க. சாமான் வாங்கினதும் திருப்பி அனுப்புறன்" என்றார்.

"என்ன நடந்த காக்கா?" என்று கேட்டேன்.

அவர் வயரிங் வேலை செய்பவர். எங்கள் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கொழும்புப் பக்கம் போய் வீடு வீடாக வேலை எடுப்பார். டொல்பின் வேன் ஒன்று, லீசிங்கில் எடுத்தது. வேலை நடக்கும் வீட்டுக்கு வெளியே றோட்டோரம் வேனை விட்டு, உள்ளே நான்கு பேரும் படுத்திருக்கிறார்கள். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் பக்கத்துச் சின்னக் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, தள்ளு கதவு திறந்து கிடக்கிறது. ஹேமர் ட்ரில் இரண்டு, கிரைண்டர், மீற்றர்கள், 7/0.67 வயர் ரோல் நான்கு, 1/1.13 ரோல் ஆறு, எல்லாம் போய்விட்டன. அவருடைய கணக்கில் நான்கு இலட்சத்துக்குக் கிட்ட. வயர் வீட்டுக்காரர் காசில் வாங்கியது. அதையும் இவர்தான் கட்ட வேண்டும்.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன ஆறுதல், "வேனாவது மிஞ்சிச்சே, அல்ஹம்துலில்லாஹ்." உண்மைதான். ஆனால் சாமான் இல்லாத வயரிங்காரருக்கு அந்த வேன் மாதம் மாதம் லீசிங் கேட்கும் ஒரு இரும்புக் கூடு. அந்தத் தவணையைக் கட்டத்தான் பிள்ளையை மாமாவோடு கொழும்புக்குக் கூலிக்கு அனுப்பியிருந்தார். சாதாரண தரப் பரீட்சைக்கு மிச்சம் இருந்ததே நான்கு மாதம்.

பிறகு ஊரில் உள்ள மற்ற வயரிங்காரர்கள் ஆளுக்கொரு சாமானாகக் கொடுத்தார்கள். ஒருவர் ட்ரில், ஒருவர் கிரைண்டர், ஒருவர் ஏணி. கடனாகக் கொடுத்தவரும் உண்டு, சும்மா கொடுத்தவரும் உண்டு. பிள்ளை திரும்பி வந்தான். இடாப்பில் 17 நாள் சிவப்புக் கோடு. அந்த 17 நாளில் நாங்கள் படிப்பித்ததை அவன் இப்போதும் பின்னேரங்களில் வந்து படிக்கிறான்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிக் கேட்கத் தொடங்கினேன். என் மச்சான் வாகன வயரிங் செய்பவர். கராஜில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதையும், வேன்காரர்கள் சிலர் சொன்னதையும் எழுதுகிறேன்.

முதலில், ஏன் நமது வேன்கள்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருடத்தில் பழைய வேனுக்கே தங்க விலை வந்தது. அதன் கண்ணாடிக்கும் சிக்னல் விளக்குக்கும் பற்றரிக்கும் கூட விலை வந்தது. முழு வேனையும் கொண்டு போகத் தேவையில்லை, துண்டு துண்டாகவும் விற்கலாம். உள்ளே இருக்கும் செம்பு வயரை உரித்துவிட்டால் அது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

பெட்ரோல் வேன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. புகைக் குழாயில் இருக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற விலை கூடிய உலோகங்கள் உண்டு. கீழே படுத்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வேன் டிராக்டர் மாதிரிக் கத்தினால் கீழே குனிந்து பாருங்கள்.

இனி பாதுகாப்பு. காசு செலவில்லாததிலிருந்து சொல்கிறேன்.

நிறுத்தும் விதம். டொல்பின் வேனின் தள்ளு கதவு இடது பக்கம். பின் கதவு மேல் நோக்கித் திறக்கும். இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, பின்பக்கத்தையும் சுவருக்கு ஒரு சாண் இடைவெளியில் விட்டால் இரண்டு கதவுமே திறக்க இடமில்லை. கள்ளன் முன் கதவால் ஏறி, சீட்டைத் தாண்டித்தான் சாமானைத் தூக்க வேண்டும். பெரிய ட்ரில் பெட்டியை அப்படித் தூக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. இதற்கு ஒரு சதம் செலவில்லை.

இரவில் சாமானை இறக்குவது. களைத்துப் போய் வந்தவரிடம் இதைச் சொன்னால் கோபம் வரும், எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் இறக்க வேண்டாம். விலை கூடிய நான்கைந்து பொருளை ஒரே பெட்டியில் போட்டு, அந்த ஒரு பெட்டியை மட்டும் இறக்குங்கள். இறக்கிய பிறகு திரைச்சீலையைத் திறந்து விடுங்கள், உள்ளே ஒன்றுமில்லை என்று வெளியிலிருந்தே தெரியட்டும். "இரவில் இந்த வேனில் சாமான் வைப்பதில்லை" என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கும் ஒருவரைக் கண்டேன். சிரிப்பாக இருந்தது. யோசித்தால் அவர் ஒரு கண்ணாடியின் விலையை மிச்சம் பிடித்திருக்கிறார்.

இறக்கவே முடியாதவர்களுக்கு இரும்புப் பெட்டி. வெல்டிங் கடையில் சொன்னால் வேனின் அளவுக்குச் செய்து தருவார்கள். கவனிக்க வேண்டியது இரண்டு. பெட்டியைத் தரையோடு இறுக்கும் போல்ட்டின் நட் பெட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். போல்ட் தலை வேனுக்கு அடியில் தெரிந்தால் அதை வெல்டிங் வைத்து மூட வேண்டும். ஆமைப்பூட்டு வெளியே தொங்கினால் கட்டரை உள்ளே விடலாம். பூட்டைச் சுற்றி ஒரு தகட்டுக் கூடு வைத்தால் கட்டர் நுழையாது.

திறப்பு. பழைய வேன்களில் பூட்டும் திறப்பும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அப்படித் தேய்ந்த பூட்டை இன்னொரு வேனின் திறப்பாலும் திறக்கலாம். மச்சான் தன் கராஜில் நின்ற ஒரு வேனை வேறொரு வேனின் திறப்பால் திறந்து காட்டினார். நானே பார்த்தேன். உங்கள் திறப்பை இழுத்துக்கொண்டே வேன் ஓட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தப் பூட்டு இனிப் பெயருக்குத்தான் பூட்டு, மாற்றிவிடுங்கள்.

மறைத்து வைக்கும் கட் ஓஃப் சுவிட்ச். இதுதான் மச்சானுக்குப் பிடித்த விஷயம். பழைய டீசல் என்ஜினில் பம்பின் மேல் ஒரு சொலினொய்ட் இருக்கும். திறப்பைப் போட்டதும் 12 வோல்ட் மின்சாரம் போய் அது டீசலுக்கு வழி விடும். மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வழியை மூடிவிடும். அந்த வயரின் நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் மறைத்தால் போதும். கள்ளன் ஸ்டார்ட்டரைச் சுற்றுவான், சத்தம் வரும், என்ஜின் பிடிக்காது. பெட்ரோல் வேனுக்கு எரிபொருள் பம்பின் ரிலேயில் இதையே செய்யலாம். முழங்கால் படும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டாம். ஓடும்போது தட்டுப்பட்டு என்ஜின் நின்றால் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் கனத்துவிடும். வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஸ்டியரிங்கில் போடும் இரும்புத் தடியைச் சிலர் பகிடி பண்ணுகிறார்கள். அறுக்கலாம்தான். ஆனால் கள்ளனுக்கு வேண்டாத இரண்டு பொருள் நேரமும் சத்தமும். அந்தத் தடி இரண்டையும் கொடுக்கும். பத்து வேன் நிற்கும் இடத்தில் தடி போடாத வேனைத்தான் முதலில் பார்ப்பான்.

ஜிபிஎஸ் கருவி நல்லது. அதற்குள் ஒரு சிம் இருக்கிறது. அந்த சிம்மில் காசு தீர்ந்தால் கருவி வெறும் பிளாஸ்டிக். மாதம் ஒருமுறை போனில் பாருங்கள். பற்றரியைக் கழற்றினாலும் கொஞ்ச நேரம் வேலை செய்யும்படி உள்ளே சின்ன பற்றரி உள்ளதை வாங்குங்கள். வேன் எங்கே நிற்கிறது என்று தெரிந்ததும் நான்கு பொடியன்களை ஏற்றிக்கொண்டு பிடிக்கப் போக வேண்டாம். 119க்கு எடுங்கள், இடத்தைப் பொலிஸுக்குக் கொடுங்கள். வேன் போனால் வேன். உங்கள் பிள்ளைக்கு வாப்பா ஒருவர்தான்.

அடுத்தது காகிதம். இதை எல்லோரும் கடைசியாக நினைக்கிறார்கள், எனக்கு இதுதான் முதல்.

வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதி அட்டையும் வேனில் இருக்கட்டும். பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியும் மாற்றுத் திறப்பும் வீட்டில் இருக்கட்டும். டாஷ்போர்டுக்குள் இரண்டையும் வைத்திருப்பது கள்ளனுக்கு வேனை எழுதிக் கொடுப்பது மாதிரி.

ஓபன் பேப்பரில் வேன் ஓட்டுபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். முன்னைய சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட எம்டிஏ 6 படிவத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். வேன் போன நாளில் பொலிஸ் கேட்கும், "யாருடைய வேன்?" காப்புறுதியும் அதையே கேட்கும். சொந்தக்காரர் மௌத்தாகியிருந்தால் அல்லது வெளிநாடு போயிருந்தால் யோசித்துப் பாருங்கள். காசு சேர்ந்ததும் முதல் வேலையாகப் பெயரை மாற்றுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி களவுக்குக் காசு தராது. முழுக் காப்புறுதி எடுத்தவர்களும், உள்ளே இருக்கும் தொழில் சாமானுக்கு அது செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் செல்லாது, தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

சாமான்களைப் படம் எடுங்கள். ஒவ்வொரு கருவியின் தொடர் இலக்கமும் தெரிய ஒரு படம், பற்றுச்சீட்டு ஒரு படம். அதை வீட்டில் இன்னொருவருடைய போனுக்கும் அனுப்பி வையுங்கள். எங்கள் வயரிங் காக்கா அரைகுறைச் சிங்களத்தில் முறைப்பாடு கொடுத்தபோது, "இலக்கம் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. "பச்சை நிற ட்ரில்" என்றுதான் எழுதினார்கள். நாட்டில் எத்தனை பச்சை ட்ரில்! முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறேன். ட்ரில்லின் பிளாஸ்டிக் உடம்பில் சோல்டரிங் அயனால் வேன் இலக்கத்தைச் சுட்டு எழுதுங்கள். அழகு கெடும். விற்கும் விலையும் கெடும். அதுதான் தேவை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை நாம் மிம்பரிலும் வகுப்பிலும் சொல்கிறோம். இன்றைய நம் ஒட்டகம் றோட்டோரம் நிற்கிறது. கயிறு என்ன என்பதை மேலே எழுதிவிட்டேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. களவு போன அந்த ட்ரில் எங்கே போகிறது? யாரோ ஒரு வேலைக்காரர்தான் அதை வாங்குகிறார். நாற்பதாயிரம் பெறுமதியான சாமானைப் பன்னிரண்டாயிரத்துக்கு ஒருவன் நீட்டும்போது, பற்றுச்சீட்டு இல்லை, பெட்டி இல்லை, இலக்கம் சுரண்டியிருக்கிறது என்றால் நமக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்தும் வாங்குவது சட்டத்திலும் குற்றம், மார்க்கத்திலும் ஹராம். அந்த ட்ரில்லால் உழைக்கும் காசில் நம் பிள்ளைக்குச் சோறு போடுகிறோம். அதே ட்ரில் இல்லாததால் இன்னொருவருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தை விடுகிறது. அந்தப் பிள்ளையின் வெறும் கதிரையை நான் 17 நாள் பார்த்தேன்.

பழைய சாமான் வாங்குவதில் தப்பில்லை, நம்மால் புதிதுதான் வாங்க முடியும் என்றும் இல்லை. விற்பவரின் அடையாள அட்டையைப் படம் எடுத்து, ஒரு துண்டில் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையானவர் தருவார். மற்றவர் அந்த இடத்திலிருந்தே போய்விடுவார்.

இன்றிரவு இஷாவுக்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் எடுங்கள். வேன் சுவரோடு நிற்கிறதா, மாற்றுத் திறப்பும் பதிவுச் சான்றிதழும் எங்கே இருக்கின்றன, சாமான்களின் இலக்கம் படமாக இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சத்தைக் காசு வரும்போது ஒவ்வொன்றாகச் செய்யலாம். வேன்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி ஏதும் தெரிந்திருந்தால் கீழே எழுதுங்கள், நானும் மச்சானிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

எல்லோருடைய ஹலாலான உழைப்பையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.